வைக்கோல் தூசி என்றார் அண்ணன்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அண்ணி என்னிடம்தான் கேட்டார். "நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடு. பேரப்புள்ளைங்க படிக்கட்டும்" என்றார்.

நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. அண்ணன் உழைப்பாளி. சொன்ன சொல் மாறாதவர். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பந்தல்கால் ஊன்றும்போதே போய் நிற்பவர். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள், நண்பர்கள் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான். தெரியாத ஒன்றை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அண்ணன் இருந்தவரை அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. இப்போதும் திறக்காவிட்டால் என்னோடு சேர்ந்து அதுவும் சுடுகாட்டுக்குப் போய்விடும்.

அண்ணன் பிறந்தது நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, வெண்ணாற்றங்கரையை ஒட்டிய எங்கள் ஊரில். அப்பா பாம்பு கடித்து இறந்தபோது அவருக்குப் பதினான்கு வயது, எனக்கு நான்கு. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு நீடாமங்கலத்தில் ஒரு ரைஸ் மில்லில் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். அப்பா குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த பத்து மா நிலத்தை, மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அம்மா விடவில்லை. அண்ணன் காலையில் வயல், பிறகு மில் என்று வளர்ந்தார். இருபது வயதிற்குள் எந்த எஞ்சின் ஓடினாலும் தூரத்தில் நின்றே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லுமளவுக்கு ஆகிவிட்டார். ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் ஒருவரிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவந்தார். அது ஓடிய நாளைவிட எங்கள் வீட்டு வாசலில் படுத்துக்கிடந்த நாள்தான் அதிகம். "இதுக்கு ஒரு மாடு வாங்கியிருந்தா பாலாவது குடுக்கும்" என்று அம்மா சொல்வார். அண்ணன் சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டிருப்பார்.

ஆட்சி மாறி, குத்தகைக்கு உழுகிறவர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்த காலம் அது. பெயர் ஏறிவிட்டால் நிலத்தை விட்டு நம்மை எழுப்ப முடியாது. அதனால் பெயர் ஏறுவதற்குள் எழுப்பிவிடப் பார்த்தார்கள். ஊருக்கு ஊர் அடிதடி. கூலிக்காக ஒரு பக்கம், குத்தகைக்காக ஒரு பக்கம். எங்கள் நிலம் பெரிய பண்ணைக்குச் சொந்தம். அண்ணன் பள்ளிக்கூட நாளிலிருந்தே கட்சிக் கரைவேட்டி கட்டியவர். ஆட்சி மாறிய மறுமாதமே பண்ணையாரும் அதே கரைவேட்டி கட்டிக்கொண்டார். பார்த்துவிட்டு வந்த அண்ணன், "அவரு வேட்டி என் வேட்டியைவிட வெளுப்பா இருக்கும்மா" என்றார். அன்று சிரித்தோம்.

அண்ணன் கொடுத்த மனு இரண்டு முறை தள்ளிப்போயிற்று. மூன்றாவது விசாரணை ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீசில். பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் மனு தள்ளுபடி. எங்கள் ஊருக்கு முதல் பஸ் நண்பகலில்தான் வரும். ஆற்றங்கரைச் சாலையில் சைக்கிளில் போகிறவனை ஓடியே பிடித்துவிடலாம். அண்ணன் நம்பியிருந்தது அந்த மோட்டார் சைக்கிளைத்தான்.

அந்த வாரம் திங்கட்கிழமை காலை நான் வாய்க்கால் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபது வயது. பண்ணை வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளும் அம்மா ஒருவர் கூடை கழுவ வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். இடுப்பில் கைக்குழந்தை. சுற்றிலும் பார்த்துவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார்.

"தங்கச்சி, உங்க அண்ணன வியாழக்கெழம போவ வேணாம்னு சொல்லு. மதகுக்கிட்ட ஆளு நிறுத்தப் போறாங்க. கைய கால எடுக்கறதுன்னு பேச்சு. கொட்டாயில நின்னு பேசுனாங்க, நானே கேட்டேன்."

"யாருக்கா பேசுனது?"

"அதெல்லாம் ஒனக்கு எதுக்கு? நான் சொன்னேன்னு மட்டும் மூச்சு விடாத. எம் புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

ஈரக்கையால் அந்தக் குழந்தையின் தலையில் கை வைத்தேன். அது என்னைப் பார்த்துச் சிரித்தது.

அண்ணனிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அண்ணனைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டீர்கள். சொல்லியிருந்தால் யார் சொன்னது என்று முதலில் கேட்பார். பிறகு நேரே பண்ணை வீட்டு வாசலுக்குப் போய் நின்று சத்தம் போடுவார். வியாழக்கிழமை எப்படியும் போவார். நிலம் போனால் போகட்டும், அண்ணன் இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது. வண்டி ஓடாவிட்டால் அவர் போக மாட்டார் என்று முடிவு கட்டினேன்.

பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் அண்ணன் என்னைத்தான் கூப்பிடுவார். அம்மாவின் பழைய புடவைத் துணியை மடித்துப் புனலில் வைத்து நான் பிடித்துக்கொள்ள வேண்டும், அவர் ஊற்றுவார். "ஒரு துரும்பு உள்ள போனாலும் வண்டி நின்னுடும் தங்கச்சி" என்பார். எனக்குத் தெரிந்த எஞ்சின் சாஸ்திரம் அவ்வளவுதான். அன்று மதியம் அவர் வயலுக்குப் போயிருந்தபோது, மாட்டுக்கு வைத்திருந்த பானையிலிருந்து ஒரு கைப்பிடி தவிட்டை எடுத்து டேங்கில் போட்டு மூடினேன். மண்ணைப் போட மனம் வரவில்லை. அவர் துடைத்துத் துடைத்து வைத்த வண்டி. தவிடு என்றால் கழுவினால் போய்விடும் என்று நினைத்தேன்.

வண்டி கிளம்பாது என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் கிளம்பிவிட்டது. எந்த நிலத்தை யார் உழுகிறார் என்று காட்டும் சாகுபடிக் கணக்கின் நகலை வாங்க ஊர்க் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று நாலு மணிக்குப் புறப்பட்டார். ஆற்றின் மேல் இருந்த மதகுப் பாலம் வழியாகத்தான் போக வேண்டும். சத்தம் கரையோடு தேய்ந்துகொண்டே போவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமை என்றுதானே அந்த அம்மா சொன்னார், இன்றைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தம் திடீரென்று நின்றது. தூரம் போய்த் தேயவில்லை, நின்றது.

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "பிஸ்டன் புடிச்சுக்கிச்சு" என்றார். பிற்பாடு அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கிற்று. அந்த வகை வண்டிக்கு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் எஞ்சினுக்குள் போகும். வழியில் அடைப்பு வந்து பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். சூடேறி, உள்ளே ஓடும் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். வண்டியைக் கிளம்பாமல் செய்ய நினைத்தவள், மதகுக்கு அரை மைல் முன்னால் அண்ணனைத் தனியாக நிறுத்திவிட்டேன்.

"சத்தம் நின்னதும் மதகுப் பக்கத்துலேருந்து ரெண்டு பேரு நடந்து வந்தாங்க" என்று அம்மாவிடம் சொன்னார். "என்ன தம்பி, வண்டி படுத்துடுச்சா, வியாழக்கெழம எதுல போவேன்னு கேட்டாங்க. வைக்கோல் வண்டி ரெண்டு பின்னாடியே வந்துச்சு. பேசாம திரும்பிட்டாங்க."

"வியாழக்கெழமன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அம்மா. அண்ணன் ஸ்பேனர் பையைத் தேடப் போனார்.

அன்றே பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி ஊற வைத்தார். செவ்வாய் காலையில் வண்டியைக் கூடத்துக்குள் ஏற்றி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னுமாக ஆட்டச் சொன்னார். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரு மணி நேரம் அசையவே இல்லை. அசைய வேண்டாம் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன், கை மட்டும் தள்ளிக்கொண்டிருந்தது. கடைசியில் டொக் என்று ஒரு சத்தம், சக்கரம் விரற்கடை நகர்ந்தது. "வந்துடுச்சு!" என்று அண்ணன் கத்தினார்.

ஹெட்டைக் கழற்றிச் சிலிண்டரை உருவினார். பிஸ்டனின் ஒரு பக்கம் முழுக்கக் கீறல். அதன் அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு அதைத் தேய்த்தார். பிஸ்டனைச் சுற்றி வளையமாக இரண்டு ரிங். கீழ் ரிங் நன்றாக இருந்தது. மேல் ரிங் அதன் பள்ளத்தில் இறுகியிருந்தது. பிளேடு முனையால் நெம்பும்போது கண்ணாடி வளையல்போல ஒடிந்துவிட்டது. அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் உதிரி பாகம் வேண்டுமென்றால் பழசைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவோம், திரும்பும் பஸ்சில் புதுசு வரும். ஒடிந்த ரிங்கைக் காகிதத்தில் சுற்றி, அண்ணனுக்குப் பழக்கமான மெக்கானிக்குக்கு ஒரு சீட்டும் எழுதி நண்பகல் பஸ்சில் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாலை பஸ்சில் அதே ரிங் அதே காகிதத்தில் திரும்பி வந்தது.

"கடையில இல்லன்னு சொல்லச் சொன்னாரு தங்கச்சி" என்றார் கண்டக்டர். குரலைத் தாழ்த்தி, "கண்ணு முன்னாடி சரஞ்சரமா தொங்குது. இந்த வாரம் மட்டும் கேக்க வேணாம்னு சொன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல" என்றார்.

அண்ணனுக்குப் புரிந்தது, பண்ணையின் கை அங்கேயும் எட்டியிருந்தது. "இருக்கற ஒண்ண மேல போட்டுப் பூட்டுவோம்" என்றார். புதன்கிழமை காலை நாள்காட்டி அட்டையைச் சிலிண்டர் வாயில் வைத்து, சுத்தியலால் ஓரமாகத் தட்டித் தட்டி, கசிவை அடைக்கும் பேக்கிங் வெட்டினார். பிஸ்டனைச் சூடாக்கினால்தான் அதில் கோக்கும் ஆணி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் என்று, கொதிக்கும் நீரில் முக்கிய துணியை நான் சுற்றிச் சுற்றிப் பிடித்தேன். ஒவ்வொரு நட்டாக இறுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் கிளம்பினால் அவர் மதகுக்குப் போவார். கிளம்பாவிட்டால் நிலம் போகும். இரண்டுக்கும் நானே பொறுப்பு.

எல்லாம் பூட்டியும் அண்ணன் கிக்கரை உதைக்கவில்லை. "எண்ணெய் அளவாத்தான் கலந்தேன். பின்ன ஏன் புடிச்சுது? காரணம் தெரியாம ஓட்டுனா திரும்பவும் புடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே கார்புரேட்டரைக் கழற்றினார். அதன் அடிக்கிண்ணத்தைத் திறந்தபோது உள்ளே பழுப்பாக, கூழாக ஊறிக் கிடந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு டேங்கைக் கழற்றி வாளியில் கவிழ்த்தார். பெட்ரோலின் அடியில் அது மெல்லப் படிந்தது. மாட்டுக்குத் தினமும் தவிடு கரைக்கும் வீட்டில் அது என்ன என்று தெரியாதவர் யார்?

"என்னாய்யா அது? யாராச்சும் எதையாவது போட்டுட்டானுங்களா?" என்று அம்மா எட்டிப் பார்க்க வந்தார்.

அண்ணன் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வைக்கோல் தூசிம்மா. களத்துல நிறுத்தி வச்சிருந்தேன்ல" என்றார்.

என் பக்கம் திரும்பவே இல்லை. கழுவி, ஊதி, துடைத்து மாட்டினார். மூன்றாவது உதையில் எஞ்சின் கிளம்பியது. கூடம் முழுக்கப் புகை. கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திவிட்டு, கைப்பம்பில் கை கழுவ வந்தவர் என்னைப் பம்பு அடிக்கச் சொன்னார்.

"ஊருக்குள்ள ஏதாச்சும் காதுல விழுந்துதா?"

"மதகுக்கிட்ட ஆளு நிக்கப் போறாங்களாம்ண்ணே."

"யாரு சொன்னா?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அப்ப சொல்லாத." கையை உதறிக்கொண்டார். "காலைல நல்ல பொடவையா எடுத்துக் கட்டிக்க. நீயும் வர்ற. அந்த வயல்ல நடவு நட்டவ நீ. சாட்சி சொல்ல ஒனக்கில்லாத உரிமையா?"

பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் கை வைக்க யோசிப்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்தது. "ரெண்டு பேரையும் அனுப்பிட்டு நான் யார வச்சுக்கிட்டு இருக்கறது?" என்று சுவரோடு சாய்ந்து அழுதார்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் புறப்பட்டோம். ஒற்றை ரிங், தேய்த்த சிலிண்டர். சைக்கிள் வேகத்துக்கு மேல் போனால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும் என்று அண்ணன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மதகில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். வேகமாகத் தாண்டிவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர்களுக்கு எங்களை நன்றாகப் பார்க்க நேரம் இருந்தது, எங்களுக்கும்.

ஒருவன் சாலையின் நடுவுக்கு வந்தான். அவனும் கரைவேட்டிதான். அக்குளில் துண்டு சுற்றிய ஏதோ நீளமாக இருந்தது. வண்டியோடு நடந்தபடியே ஹாண்டில்பாரில் கை வைத்தான்.

"என்னப்பா, தங்கச்சிய ஊர்வலம் கூட்டிக்கிட்டுப் போறியா?"

"எஞ்சின் புதுசாப் பூட்டியிருக்குங்க" என்றார் அண்ணன். "வெரசாப் போவ முடியாது. பேசணும்னா கூடவே நடந்து வாங்க."

மதகின் நீளம் முழுக்க அவன் கையை எடுக்காமல் நடந்து வந்தான். என்னைப் பார்த்தான். என் மடியில் மனுக் காகிதங்கள் இருந்த பையைப் பார்த்தான். கீழே தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. மதகு முடிந்த இடத்தில் கையை எடுத்தான்.

"போ. போயிட்டு வா. வயலு எங்கயும் போயிடாது."

தாலுகா ஆபீசில் பெயரைக் கூப்பிட்டார்கள், அண்ணன் நின்றார். நான் சாட்சி சொன்னேன். கணக்குப்பிள்ளை நகலை ஆபீசிலேயே கொண்டுவந்து காட்டிவிட்டார். பெயர் ஏறிற்று. திரும்பும்போது மதகில் ஒருவரும் இல்லை. அண்ணன் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்தார். "ஏன் யாரையும் காணும்?" என்றார். காலையில் நான்கு பேரைப் பார்த்தபோது வராத பயம் அப்போதுதான் எனக்கு வந்தது.

வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது தெரிந்துவிட்டது. கதிர் வாங்கும் பருவத்தில் நின்ற சம்பாவில் மாடுகளை இறக்கிவிட்டிருந்தார்கள். பத்து மாவும் சேறாகிக் கிடந்தது. அண்ணன் வரப்பில் உட்கார்ந்தார். "பயிரு போனா போவுது தங்கச்சி. பேரு ஏறிடுச்சு" என்றார். சொல்லிவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த வாரம் படித்துறைக்குப் போனேன். பண்ணை வீட்டுக் கூடையை வேறு யாரோ கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவின் குடிசையில் கூரை பிரிந்து கிடந்தது. என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்ததும், யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள் என்று அவர்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். எங்கே போனார்கள் என்று கேட்டால் தெருவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரே ஒருவர், திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று அண்ணனிடம் மட்டும் சத்தியத்தை மீறினேன். அதன்பிறகு இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் பஸ் ஏறித் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போய்வந்தார். பெண் பார்க்கப் போகிறான் என்று உறவினர்கள் கேலி செய்தீர்கள். அவர் யாரைத் தேடிப் போனார் என்பதை இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் அறிந்ததே. அண்ணி வந்தார், இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். அந்தப் பத்து மாவில் விளைந்ததைக் கொண்டுதான் ஒருவரை ஆசிரியை ஆக்கினார், ஒருவரை நர்ஸ் ஆக்கி வெளிநாட்டுக்கு அனுப்பினார். தண்ணீர் இல்லாத ஒரு வருடம் பண்ணையாரின் பம்ப்செட் எஞ்சின் நின்றபோதும் போய்ச் சரிசெய்து கொடுத்தார். ஏன் போனீர்கள் என்று கேட்டதற்கு, "எஞ்சின் என்ன பண்ணுச்சு?" என்றார். மதகு வழியாகத் தனியாக மட்டும் அவர் போனதில்லை. வண்டியை வெளியே நிறுத்தியதும் இல்லை, கடைசிவரை கூடத்தில்தான் நின்றது. நான் பிறந்தகம் வரும்போதெல்லாம் பெட்ரோல் ஊற்ற என்னையே கூப்பிட்டுத் துணியைப் பிடிக்கச் சொல்வார். ஊற்றி முடித்ததும் துணியை விரித்து, "சுத்தமா இருக்கா பாரு" என்பார். ஒவ்வொரு முறையும் எனக்குக் குப்பென்று வியர்க்கும். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது.

போன வருடம் நெஞ்சில் நீர் கோத்துப் படுத்திருந்தபோது, ஒரு பகல் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டார்.

"எத்தனை கைப்பிடி போட்ட?"

ஸ்பூன் கையிலேயே நின்றுவிட்டது. "ஒண்ணுதாண்ணே" என்றேன். ஐம்பது வருடம் வராத அழுகை வந்தது.

"அழுவாத. அன்னிக்கே மதகுல குறுக்க மூங்கில் போட்டு வச்சிருந்தாங்க. நடந்து வந்த அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் பின்னாடி என்கிட்டச் சொன்னான். வண்டி நிக்கலன்னா நேராப் போய் விழுந்திருப்பேன். உன் தவிடுதான் நிறுத்துச்சு."

ஆள் நிறுத்துவது வியாழக்கிழமை என்றுதான் அந்த அம்மா சொல்லியிருந்தார். வண்டி நின்றதோ திங்கட்கிழமை. அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். வாளியை இழுத்துக்கொண்டு அம்மாவிடம் வைக்கோல் தூசி என்று சொன்னாரே, அன்றைக்கு இருந்த அதே முகம். உண்மையா என்று நான் கேட்கவில்லை. அதற்கு மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

அண்ணனைக் கடைசிவரை கவனித்த டாக்டர்களுக்கும், வலங்கைமானிலிருந்து தினமும் வந்து உட்கார்ந்திருந்த சம்பந்தி வீட்டாருக்கும், கொட்டும் மழையில் தோள் கொடுத்த எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் பெயரை எழுதப் போவதில்லை, அது அவர் பிள்ளை தலையில் அடித்த சத்தியம். அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். இந்த மலர் எப்படியாவது உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால், இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணன் தேடி வந்தது உங்கள் அம்மாவைத்தான். அவர்கள் எங்கேயோ போய்ப் பிழைத்துக்கொண்டார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள். அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று நான் படித்துக் காட்ட வேண்டும்.